தாழ்த்திய காரில் தங்கவயல்

கோலார் தங்கவயலைவிட்டு வெளியேறிப் பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்த ஊர்களிலும் குடியேறிய நம் குடும்பங்களில், "ஒருமுறை ஊருக்குப் போய்வர வேண்டும்" என்ற பேச்சு எழாத பண்டிகை நாள் இல்லை. அப்படிப் போய் வந்தவர்கள் ஊரைப்பற்றி எழுதுவார்கள். தம்மை ஏற்றிச் சென்ற வண்டியைப்பற்றி எழுதுவதில்லை. நான் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியவனாகிறேன். காரணம் போகப் போக விளங்கும்.

சென்ற ஆண்டு விஜயதசமியன்று, பொழுது புலருமுன், பெங்களூரிலிருந்து நால்வர் புறப்பட்டோம். என் பெரியப்பா, என் மனைவி, நான், காரை ஓட்டிய என் தங்கையின் மகன். பெரியப்பாவுக்கு வயது 84. மைசூர் மைன்ஸில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்து, சுரங்கம் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்றவர். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சுரங்கக் கிணற்றின் வாயில் ஒரு கொட்டகைக்குள் பெரிய உருளை ஒன்று சுழலும். அதில் சுற்றிய இரும்புக் கயிற்றின் முனையில் கூண்டு தொங்கும். அக்கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவரே வைண்டிங் டிரைவர். ஆட்களின் உயிர் அவர் கையில் இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பொறுப்பைச் சுமந்தவர், "கண் தெரியும்போதே மைசூர் மைன்ஸை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஆயுத பூஜை. காருக்குப் பொட்டிட்டு, மாலை சூட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்தாயிற்று. தங்கவயலில் சுரங்கம் நடந்த நாளில் இப்பூஜை தீபாவளியினும் பெரிது. இயந்திரக் கொட்டகைகளிலெல்லாம் தோரணம் கட்டுவார்கள். அந்நினைவில் பெரியப்பா காரைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு குனிந்து, "ஏன் தம்பி, வண்டி தரையோடு உட்கார்ந்திருக்கிறதே, பாரம் ஏதும் ஏற்றினாயா?" என்று கேட்டார். மருமகன் பெருமிதத்தோடு சிரித்தான். "இல்லை தாத்தா, நான்தான் இறக்கினேன்" என்றான்.

காரை இறக்கிய கதை

அது எட்டாண்டு ஓடிய சிறிய கார். இரண்டு மாதங்களுக்கு முன் அதன் நான்கு ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டு, அவற்றைவிடக் குட்டையானவையும் விறைப்பானவையுமான புது ஸ்பிரிங்குகளைப் பூட்டியிருந்தான். கார் நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்தது. ஷாக் அப்சார்பர்கள் மட்டும் காரோடு வந்த பழையவை.

"அவற்றை ஏன் மாற்றவில்லை?" என்று கேட்டேன்.

"ஸ்பிரிங்குகளுக்கே ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது, மாமா. ஷாக்கும் மாற்றினால் இன்னும் இரண்டு மாதச் சம்பளம் ஆகும். பழையவை நன்றாகத்தானே இருக்கின்றன என்று விட்டுவிட்டேன்."

இளைஞர்கள் காரைத் தாழ்த்துவது வெறும் அழகுக்காக மட்டுமன்று. பந்தயக் கார்களிலிருந்து வந்த பழக்கம் அது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமானத் தளத்தில் 1950களில் தொடங்கிய பந்தயங்களிலும், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த பந்தயப் பாதையிலும் ஓடிய கார்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். காரின் கனம் தரைக்கு அருகில் இருந்தால், திருப்பத்தில் அது ஒருபக்கமாகச் சாய்வது குறையும். நான்கு டயர்களும் சாலையை நன்றாகப் பற்றும். ஆனால் அப்பாதையில் வேகத்தடை இல்லை, குழி இல்லை, பின் இருக்கையில் 84 வயதுக் கிழவரும் இல்லை. இவ்வேறுபாட்டை அன்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பங்காரப்பேட்டை வரை

ஹொஸகோட்டையைக் கடந்து பழைய மதராஸ் சாலையில் கிழக்கே சென்றோம். அச்சாலையில் கார் உண்மையிலேயே நன்றாக ஓடிற்று. குற்றம் சொல்லப் புகுமுன் நியாயம் சொல்லிவிட வேண்டும். வளைவுகளில் அது அசையாமல் திரும்பியது. மருமகனின் முகத்தில் வெற்றி தெரிந்தது. "பார்த்தீர்களா மாமா, முன்பு இந்த வேகத்தில் வண்டி ஆடும்" என்றான். மறுக்க எனக்கு வழியில்லை.

கோலாரை நெருங்க நெருங்க நிலத்தின் சாயல் மாறுகிறது. உருண்டை உருண்டையாகப் பாறைகள் அடுக்கிய குன்றுகள், நடுவே தக்காளித் தோட்டங்கள், மாந்தோப்புகள், வற்றிய ஏரிகள். வற்றாத ஆறில்லாத சீமை. இங்குள்ள மக்கள் மழையையும் ஏரியையும் நம்பிப் பயிரிட, பாலாற்றுக்கு அப்பாலிருந்து நம் முன்னோர் மண்ணுக்கு அடியிலிருந்த பாறையை நம்பி வந்தார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற, தீண்டாமையின் கொடுமையைச் சுமந்த குடும்பங்களே வந்தன. ஊரில் தெருவுக்குள் நடக்க உரிமையில்லாதவர்கள் இங்கே கூலி பெற்று நிமிர்ந்து நடந்தார்கள். தங்கவயல் நமக்கு ஊராயிற்று என்று சொல்லும்போது இதை மறக்கலாகாது.

கோலாரில் காலை உணவை முடித்துத் தெற்கே திரும்பினோம். பங்காரப்பேட்டையைத் தாண்டியதும் ஒரு சிற்றூர். சாலையின் குறுக்கே வேகத்தடை ஒன்று. வெள்ளைக் கோடும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. மரத்து நிழல் விழுந்து அதை மறைத்திருந்தது. மருமகன் பிரேக்கை அழுத்தினான். எனினும் வேகம் முழுவதும் குறையவில்லை. முன் சக்கரங்கள் ஏறி இறங்கின. பின் சக்கரங்கள் இறங்கும்போது, அடியில் சம்மட்டியால் அடித்தாற்போல் ஓர் ஓசை. காரின் பின்பகுதி முழுவதும் ஒரு துள்ளுத் துள்ளிற்று. அதன்பின்னும் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடிற்று.

பின் இருக்கையிலிருந்து, "ஐயோ, அம்மா!" என்ற குரல் கேட்டது. பெரியப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. என் மனைவி அவர் தோளைத் தாங்கினாள். நாங்கள் சாலையோரத்தில் புளியமரத்தடியில் நிறுத்தினோம். மருமகன் கை நடுங்க நீரை எடுத்துக் கொடுத்தான்.

கால் மணி நேரம் கழிந்தது. "சற்று இறங்கி நிற்கிறேன்" என்றார். இறக்கிவிட்டோம். நின்றவர் என்ன செய்தார் தெரியுமா? வலியோடு வலியாகக் காரின் பின்புறம் போய், "தம்பி, இந்த மூலையில் கையை வைத்து உன் கனமெல்லாம் கொடுத்து அழுத்து, அழுத்திவிட்டு உடனே கையை எடு" என்றார். மருமகன் அழுத்திவிட்டான். கார் எழுந்தது, தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது, தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது. பெரியப்பா விரல்விட்டு எண்ணினார்.

"மூன்று. ஒருமுறை எழுந்து நிற்க வேண்டியது மூன்று முறை ஆடுகிறது. ஸ்பிரிங் புதிது. அதை அடக்குகிறவன் கிழவன், என்னைப்போல" என்றார்.

தாங்குவது வேறு, அடக்குவது வேறு

அன்று அவர் சொன்னதையும், பின்னர் மோட்டார்த் தொழிலில் தேர்ந்தவர்களிடம் நான் கேட்டறிந்ததையும் இங்கே சுருக்கித் தருகிறேன். கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும்.

ஸ்பிரிங் காரின் பாரத்தைத் தாங்குகிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது சுருங்கி, அந்த அடியைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்கியதை அது வைத்துக்கொள்வதில்லை. அப்படியே திருப்பித் தந்துவிடுகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு மேட்டுக்குக் கார் பத்துமுறை குதிக்கும். அக்குதிப்பை நிறுத்துவதே ஷாக் அப்சார்பர். அதனுள்ளே எண்ணெய் நிரம்பிய குழாய். குழாய்க்குள் சிறு துளைகள் உள்ள பிஸ்டன். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டும். அதில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் கழிந்துவிடுகிறது. அதிர்ச்சியை ஏற்பது ஸ்பிரிங். அதைத் தின்று தீர்ப்பது ஷாக் அப்சார்பர்.

இவ்விரண்டும் கணவன் மனைவிபோல் ஒன்றுக்கொன்று அளவாக அமைந்தவை. கார் செய்கிற தொழிற்சாலையில், இன்ன ஸ்பிரிங்குக்கு இன்ன எண்ணெய்த் துளை என்று பார்த்தே பொருத்துகிறார்கள். ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால், பழைய ஷாக் அப்சார்பரின் பிடி அதற்குப் போதாது. கணக்காகச் சொன்னால், ஸ்பிரிங்கின் விறைப்பு 44 சதவீதம் கூடினால் காரின் ஆட்ட வேகம் 20 சதவீதம் கூடும். ஷாக் அப்சார்பர் புதிதாகவே இருந்தாலும் அதன் அடக்கும் திறன் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்ததற்கு ஒப்பாகும். எட்டாண்டு உழைத்துத் தேய்ந்த ஷாக் அப்சார்பராயின் கேட்க வேண்டுவதில்லை.

இதனினும் பெரிய தீங்கு வேறொன்று. சக்கரம் மேலே போவதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில் ரப்பர் முட்டு ஒன்று வைத்திருப்பார்கள். நிற்கும் நிலையிலிருந்து அம்முட்டுவரை எட்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்ததாக வைத்துக்கொள்வோம். காரை நான்கு சென்டிமீட்டர் தாழ்த்தினால் மிஞ்சுவது நான்கே. முன்பு எட்டு சென்டிமீட்டரில் வாங்கிய அடியை இப்போது பாதித் தூரத்தில் வாங்க வேண்டும். பாதித் தூரம் என்றால் ஸ்பிரிங்கின் விறைப்பு இருமடங்கானால் போதும் என்று தோன்றும். அப்படியன்று, நான்கு மடங்காக வேண்டும். ஸ்பிரிங் வாங்கும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். கடையில் கிடைக்கும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் பழையவற்றைவிடச் சிறிதளவே விறைப்பானவை. நான்கு மடங்கு விறைப்பாக இருந்தால் அக்காரில் உட்கார முடியாது. ஆகவே பெரிய மேடு வந்தால் ஸ்பிரிங் தோற்கிறது. சக்கரம் முட்டில் போய் மோதுகிறது. நாங்கள் கேட்ட சம்மட்டி அடி அதுதான். ஸ்பிரிங் வாங்காத அடி எங்கே போகும்? காரின் உடலுக்குப் போகும். அங்கிருந்து இருக்கைக்கு, இருக்கையிலிருந்து அதில் அமர்ந்தவரின் முதுகெலும்புக்கு.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்களில் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்திருக்கிறது. ஸ்பிரிங் குட்டையானால், உள்ளே இருக்கும் பிஸ்டனும் தன் வழக்கமான இடத்தைவிட்டுக் கீழே இறங்கி, குழாயின் அடிப்பகுதியிலேயே உழைக்க நேரும். அடிக்கடி அடிவரை போய் மோதினால் எண்ணெயை அடைத்திருக்கும் ரப்பர் கிழிந்து கசியும். எண்ணெய் போனால் ஷாக் அப்சார்பர் வெறுங்குழாய்.

அன்று எங்கள் காரில் நால்வர். பின்புறப் பெட்டியில் உறவினர்க்குப் புடவை, இனிப்பு, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. இப்பாரமெல்லாம் மிஞ்சிய இடைவெளியையும் தின்றிருந்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் ஊர்களில் ஊரார் தாமே போட்டுக்கொள்ளும் மேடுகள் அவ்விதியைப் பார்ப்பதில்லை. 17 சென்டிமீட்டர் உயரத்தில் நின்ற கார் 13 ஆகத் தாழ்ந்து, பாரத்தில் இன்னும் அமிழ்ந்து, அத்தகைய மேட்டில் ஏறினால் அடிவயிறு உரசாமல் எப்படித் தப்பும்?

மைசூர் மைன்ஸ்

"வீட்டுக்குத் திரும்பிவிடலாம், பெரியப்பா" என்றேன். "இவ்வளவு தூரம் வந்து திரும்புவதா? மெல்லப் போ" என்றார். மாட்டுவண்டி வேகத்தில் சென்றோம். முன் இருக்கையில் அவரை அமர்த்தி, முதுகுக்குப் பின் போர்வையை மடித்து வைத்தோம்.

1964இல் நிறுவப்பட்ட பெமல் நிறுவனத்தின் நகரியம் முதலில் வரவேற்றது. மண் அள்ளும் பெரும் இயந்திரங்கள் அங்கே உருவாகின்றன. பிறகு ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி, சாம்பியன் ரீஃப், அப்பால் மாரிக்குப்பம், மைசூர் மைன்ஸ். வழியெங்கும் சாம்பல் நிறக் குன்றுகள். அவை இயற்கை மலைகள் அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு மண். காற்றடித்தால் அத்தூள் வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானையில் விழும். 2018இல் வந்த "கே.ஜி.எஃப்" திரைப்படத்தால் உலகெங்கும் தெரிந்த குன்றுகள் இவையே, ஆனால் அவற்றின் கீழ் வாழ்ந்தவர்களை அப்படத்தில் தேடிப் பயனில்லை.

இவ்வயலின் வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. 1875இல் மைக்கேல் லாவெல் என்பவர் இங்கே தோண்ட உரிமை பெற்றார். 1880 முதல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகம் வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இங்கே வந்தது. அவ்வளவு தொலைவுக்கு மின்கம்பி இழுப்பது அக்காலத்தில் புதுமை. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு வேலை நின்றது. 800 டன்னுக்கு மேல் பொன் எடுத்த ஊர், மறுநாள் காலை சங்கொலி இல்லாமல் விழித்தது.

மைசூர் மைன்ஸின் லைன் வீடுகளைக் கண்டோம். தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசைகள். பின்னரே சுவரும் கூரையும் உண்டாயின. பெரியப்பா பிறந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம். வாசலில் நின்ற பெண்மணி எங்களைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. "உள்ளே வாங்க நைனா" என்று பெரியப்பாவை அழைத்துக் கயிற்றுக் கட்டிலில் அமர்த்தினார். அவர் மகன் நாள்தோறும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறானாம். சுரங்கம் மூடியபின் இவ்வூரின் வாழ்வு பெரும்பாலும் அந்த ரயிலில்தான் ஓடுகிறது.

கட்டிலில் சாய்ந்தபடியே, சன்னல் வழியே தெரிந்த துருப்பிடித்த இரும்புக் கோபுரத்தைப் பெரியப்பா நோக்கினார். கூண்டின் கயிறு ஓடிய கப்பி அதன் உச்சியில்தான் இருக்கும். மருமகனை அருகில் அழைத்தார்.

"நீ வண்டியை இறக்கினாய். நான் ஆட்களை இறக்கினேன். எப்படி இறக்கினேன் என்று கேள்" என்றார்.

அவர் சொன்னதை என் நடையில் தருகிறேன். சாம்பியன் ரீஃபில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அவ்வளவு ஆழத்துக்கு ஒரே கூண்டில் போக இயலாது. இடையில் இறங்கி வேறு கூண்டு மாற வேண்டும். இரும்புக் கயிறு கல்போல் விறைப்பானது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் ஆயிரக்கணக்கான அடி நீளம் விட்டுவிட்டால் அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். கூண்டை அடியில் சட்டென்று நிறுத்தினால், கயிறு நீண்டு சுருங்கிக் கூண்டு மேலும் கீழும் துள்ளும். ஆட்கள் இறங்க இறங்கப் பாரம் குறைந்து கூண்டு தானே மேலே எழும். ஒரு கால் கூண்டிலும் ஒரு கால் பாறையிலுமாக நிற்கிறவன் கதி என்ன?

"அந்தக் கயிற்றுக்கு ஷாக் அப்சார்பர் ஏது தம்பி? டிரைவரின் கைதான். மெல்லப் பிரேக்கைப் பிடித்து, துள்ளல் பிறக்காமலே நிறுத்த வேண்டும். தாங்குகிற கயிறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடக்குகிற கை இல்லாவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான். கம்பெனி புதுக் கயிறு போட்டால் நான் முதலில் வெறும் கூண்டை இறக்கிப் பார்ப்பேன், பிறகு பாரம் வைத்துப் பார்ப்பேன், அதன்பிறகுதான் ஆள். நீ புது ஸ்பிரிங் போட்டு, முதலில் என்னை ஏற்றினாய்."

இதைச் சினந்து சொல்லவில்லை. பாடம் சொல்வதுபோல் சொன்னார். மருமகன் தலை குனிந்து நின்றான்.

அடியிலிருந்து எழும் அதிர்ச்சி இவ்வூருக்குப் புதிதன்று. ஆழத்தில் பாறை தன் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். "ஏர் பிளாஸ்ட்" என்பார்கள். வீட்டில் அடுக்கிய பாத்திரங்கள் குலுங்கும். பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். அதைத் தாங்க முதலில் மரம் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கருங்கல் அடுக்கினார்கள். பின்னர் கான்கிரீட் வந்தது. பாறையின் நடத்தையை ஆராய 1988இல் இங்கேயே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் ஏற்பட்டது. அதே பாறையின் கனத்தை அறிவியல் நன்மைக்கும் பயன்படுத்திற்று. மேலிருந்து விழும் பிற கதிர்களை இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை அடக்கிவிட, 1965இல் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் காற்றுமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தை விஞ்ஞானிகள் கண்டார்கள். அந்த விஞ்ஞானிகளையும் கூண்டில் இறக்கியது நம்மவர் கைதான்.

ரயிலில் திரும்புதல்

திரும்பும்போது பெரியப்பாவைக் காரில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேற்றினோம். ரயில்பெட்டியிலும் ஸ்பிரிங்கும் அடக்கும் கருவியும் உண்டு. ஆனால் அவை ஒன்றுக்கொன்று அளவானவை. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று பழைய பெயர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவர் பலகையில் படுத்தபடி ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் நான் வாசிப்பதற்கு முன்பே சொன்னார். மருமகன் காரைத் தனியே ஓட்டிவந்தான்.

மறுநாள் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். இடுப்பு முதுகெலும்பின் ஒரு கணு நசுங்கியிருந்தது. வயதால் எலும்பு மெலிந்தவர்களுக்கு, வேகத்தடையில் கார் குதிக்கும் ஒரு குதிப்பே இதற்குப் போதும் என்றார். ஆறு வாரம் ஓய்வு. அந்த ஆறு வாரமும் மருமகன் மாலைதோறும் வந்து, பெரியப்பாவின் கால்மாட்டில் அமர்ந்து நாளிதழ் வாசித்துக் காட்டினான்.

காரை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டினோம். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது. ரப்பர் முட்டு ஒன்று பிளந்திருந்தது. தாழ்த்தியபின் சக்கரங்களின் சாய்வைச் சரிபார்க்காததால் முன் டயர்களின் உள்விளிம்பு இரண்டே மாதத்தில் வழுக்கையாகியிருந்தது. மெக்கானிக் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, தாழ்ந்த உயரத்துக்கென்றே செய்த குட்டை ஷாக் அப்சார்பர்களை அதே ஸ்பிரிங்குகளுக்கு இணையாகப் போட்டு, சக்கரச் சாய்வையும் முகப்பு விளக்கின் நோக்கையும் சரிசெய்வது. மற்றது, கார் வந்த உயரத்துக்கே திரும்புவது. "தனியாக நல்ல சாலையில் ஓட்டுகிறவனுக்கு முதல் வழி, குடும்பத்தை ஏற்றிக் கிராமத்துச் சாலையில் போகிறவனுக்கு இரண்டாவது" என்றார். மருமகன் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தான். பழைய ஸ்பிரிங்குகளை வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தது நல்லதாயிற்று. ஷாக் அப்சார்பர்கள் நான்கும் புதிதாக, அந்தக் காருக்குரியவையே வாங்கினான்.

வாசகர்களுக்குச் சில சொற்கள்

நம் வீடுகளில் மோட்டார்ப் பித்துள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. இவற்றைச் சொல்லி வையுங்கள்.

ஸ்பிரிங்கை மாற்ற நினைத்தால் ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே எண்ண வேண்டும். கையில் பணம் பாதிதான் உண்டெனில் முழுவதும் சேரும்வரை பொறுக்க வேண்டும். மிகச் சிறிதளவே தாழ்த்தி, ஷாக் அப்சார்பரும் புதிதாயிருந்தால் சில கார்கள் பொறுத்துக்கொள்ளும். நான்கு சென்டிமீட்டர் என்பது சிறிதளவன்று. பணம் மிச்சப்படுத்தப் பழைய ஸ்பிரிங்கையே அறுத்துக் குட்டையாக்குவோரும் உண்டு. அது இன்னும் கேடு. ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் ஏறும். அறுக்கும் சூட்டில் எஃகின் பதமும் கெடும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருப்பிடத்தைவிட்டு நழுவவும் கூடும்.

சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்திற்று. அவ்வாண்டுத் திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே கை வைக்குமுன் போக்குவரத்து அலுவலகத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

முதியோரை ஏற்றும்போது முன் இருக்கையில் அமர்த்துங்கள். பின் சக்கரத்துக்கு மேலே அமர்கிறவருக்கே அடி மிகுதி. ஆண்டுக்கொருமுறை காரின் நான்கு மூலையையும் அழுத்திப் பாருங்கள். எழுந்து ஒருமுறையில் அடங்கினால் நலம். ஆடிக்கொண்டேயிருந்தால் மெக்கானிக்கைப் பாருங்கள். இச்சோதனையில் தேறியது மட்டும் போதாது. எண்ணெய்க் கசிவையும் அவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

தை பிறந்ததும் பெரியப்பா நடமாடத் தொடங்கினார். ஒருநாள் மருமகன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். யாரையும் ஏற்றவில்லை. பெட்டியில் இரண்டு மூட்டை அரிசி இருந்தது. "வெறும் வண்டியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன் தாத்தா; பாரம் வைத்து ஒருமுறை ஓட்டிவிட்டேன். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான்.

பெரியப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காரின் பின்மூலையில் தம் மெலிந்த கையை வைத்தார். அவர் கனம் போதவில்லை. மருமகனும் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினான். கார் தாழ்ந்தது, எழுந்தது, நின்றது.

"சரி. அரிசியை இறக்கிவிட்டு, என்னை ஏற்று. மாரிக்குப்பம்வரை போய்வருவோம்" என்றார்.